அழ விடாத துக்கம்: சூ இனச் சிறுமிகளும் தலைமுறை தாண்டி வரும் வலியும்

1884ஆம் ஆண்டு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் வாபாஷ் என்ற ஊர். அங்கே குவேக்கர் கிறிஸ்தவர்கள் நடத்திய உறைவிடப் பள்ளி ஒன்றுக்கு, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த டக்கோட்டா சமவெளியிலிருந்து, அமெரிக்கப் பூர்வகுடிகளான சூ இனத்தைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ரயிலில் வந்து சேர்ந்தாள். கிழக்கே போனால் சிவப்பு ஆப்பிள்களைக் கைநிறையப் பறித்துத் தின்னலாம் என்று பாதிரிமார்கள் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அரை மனசு. சிறுமிக்கு ஆப்பிள் ஆசை.

வந்ததும் முதல் பகலிலேயே, கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த தோழி ஒருத்தி காதில் விழுந்ததை வந்து சொன்னாள்: நம் முடியை வெட்டப் போகிறார்கள். சிறுமி யாருக்கும் தெரியாமல் மாடிக்குப் போய், ஓர் அறையின் இருண்ட மூலையில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். தேடிக் கண்டுபிடித்தார்கள். உதைத்தாள், பிறாண்டினாள். இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் கட்டினார்கள். கழுத்தில் கத்தரிக்கோலின் குளிர்ச்சி பட்டது. தன் பின்னலை அது அரைத்து அறுக்கும் சத்தம் கேட்டது.

அந்தச் சிறுமி பிற்காலத்தில் ஜிட்காலா-ஷா என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டார். சிவப்புப் பறவை என்று பொருள். 1900இல் அட்லாண்டிக் மந்த்லி இதழில் தன் சிறுவயதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளில் இந்தக் காட்சி வருகிறது. அதை முழுதாகப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய மக்களிடம் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வது துக்கம் காப்பவர்கள் செய்வது. ஒட்ட வெட்டப்பட்ட தலை கோழையின் அடையாளம், எதிரியிடம் பிடிபட்டவனின் அடையாளம். எட்டு வயதுக் குழந்தைக்கு இது தெரியும், அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பள்ளிக்காரர்களுக்கு அது வெறும் சுத்தம், ஒழுங்கு. அவளுக்கோ அது இழவு. ஆனால் யார் செத்தது என்று கேட்கக்கூட அவளிடம் அந்த ஊர் மொழி இல்லை.

சூ என்று நாம் சொல்லும் பெயர் அவர்கள் வைத்துக்கொண்டதில்லை. அக்கம்பக்கத்து ஒஜிப்வே மக்கள் அவர்களைக் குறிப்பிட்ட சொல்லைப் பிரெஞ்சு வணிகர்கள் சுருக்கியதில் வந்தது. அவர்கள் தங்களை லக்கோட்டா, டக்கோட்டா, நக்கோட்டா என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஏழு குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்பு அது, ஏழு சபை நெருப்புகள் என்று பெயர். இன்றைக்கு அவர்களில் பெரும்பாலோர் தெற்கு, வடக்கு டக்கோட்டா, நெப்ராஸ்கா, மின்னசோட்டா மாநிலங்களிலும் கனடாவிலும் இருக்கிறார்கள்.

ஜிட்காலா-ஷாவின் கட்டுரைகளில், முடிவெட்டுக் காட்சியைவிட என்னை அதிகம் உலுக்கியது அதற்கு முன்னால் வரும் வேறொரு இடம். மிசூரி ஆற்றிலிருந்து அம்மா தண்ணீர் எடுத்து வருகிறாள். அம்மா அடிக்கடி சத்தமில்லாமல் அழுவது குழந்தைக்குத் தெரியும். நான் ஒன்றுவிட்ட அக்கா மாதிரி உயரமானதும் நீ தண்ணீருக்கு வர வேண்டாம், நானே எடுத்து வருகிறேன் என்கிறாள் குழந்தை. வெளிறிய முகத்துக்காரன் இந்த ஆற்றையும் பிடுங்காமல் இருந்தால் பார்க்கலாம் என்கிறாள் அம்மா. யார் அவன் என்று குழந்தை கேட்க, கதை வெளியே வருகிறது. சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்டது, வழியெல்லாம் காய்ச்சலில் அழுதுகொண்டே வந்த கூடப்பிறந்த அக்கா, போய்ச் சேர்ந்த இடத்தில் அவள் இறந்தது, கூடவே மாமாவும் இறந்தது. அந்த அக்காவைக் குழந்தை பார்த்ததே இல்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அந்தச் சாவு அவளுடையதும் ஆகிவிடுகிறது. காலைத் தரையில் ஓங்கி மிதித்து, அம்மாவை அழவைத்தவனை வெறுக்கிறேன் என்கிறாள்.

தலைமுறை தாண்டி வரும் துக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சித்திரம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு குடம் தண்ணீர், ஓர் அம்மா, ஒரு கேள்வி. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1862இல் மின்னசோட்டாவில் டக்கோட்டாக்களுக்கும் குடியேறிகளுக்கும் போர் மூண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 26 அன்று மான்கேட்டோ ஊரில் 38 டக்கோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் நடந்த மிகப்பெரிய தூக்கு அதுதான். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாகச் சுமார் 1,600 பேர் ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே அடைக்கப்பட்டுக் கிடந்தார்கள். நோயில் பலர் இறந்தார்கள். மேற்கே லக்கோட்டாக்களுக்கு 1868ஆம் ஆண்டு லாரமி கோட்டை ஒப்பந்தம் பிளாக் ஹில்ஸ் மலைகளை உறுதி செய்தது. 1874இல் அங்கே தங்கம் கண்டார்கள், 1877இல் மலைகள் பறிபோயின. இதற்காக 1980இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. வட்டியோடு அது 100 கோடியைத் தாண்டிய பிறகும் லக்கோட்டாக்கள் அந்தப் பணத்தைத் தொடவில்லை. மலை விற்பனைக்கு இல்லை என்பதுதான் அவர்கள் பதில். நாட்டின் மிக ஏழ்மையான இடங்களில் ஒன்றான பைன் ரிட்ஜ் ஒதுக்கீட்டுப் பகுதியில் வாழ்ந்துகொண்டு சொல்லும் பதில் அது.

1890 டிசம்பர் 29, வூண்டட் நீ ஓடை. சரணடைந்து முகாமிட்டிருந்த பிக் ஃபுட் என்ற தலைவரின் லக்கோட்டாக் கூட்டத்தை அமெரிக்க ராணுவத்தின் ஏழாம் குதிரைப்படை சுற்றி வளைத்து ஆயுதங்களைப் பறித்துக்கொண்டிருந்தபோது துப்பாக்கிச் சூடு தொடங்கியது. 250 முதல் 300 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும் பகுதி பெண்களும் குழந்தைகளும். ஓடியவர்களை மைல் கணக்கில் துரத்திக் கொன்றார்கள். பிறகு பனிப்புயல். புயல் ஓய்ந்து, ஒரே குழியில் 146 உடல்களைப் புதைத்தார்கள்.

நான்காம் நாள் ஒரு பெண் குழந்தை உயிரோடு கிடைத்தது. இறந்து உறைந்துபோன தாயின் உடலுக்கு அடியில் கிடந்தது. தலையில் தோல் குல்லாய், அதில் மணிகளால் கோத்த அமெரிக்கக் கொடி. அந்தக் கொடியை எந்த அம்மா, எந்த இரவில், என்ன நினைத்துக் கோத்தாளோ. குழந்தைக்கு ஜின்ட்காலா நூனி என்று பெயர் வந்தது, தொலைந்த பறவை. லெனார்ட் கோல்பி என்ற நெப்ராஸ்கா படைத்தளபதி, போர்க்களத்திலிருந்து நினைவுப் பொருள் எடுத்துப் போவதுபோல அவளை எடுத்துக்கொண்டு போய்த் தத்தெடுத்தார். வளர்த்தது அவர் மனைவி கிளாரா. பெண்களின் வாக்குரிமைக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். அன்பில்லாமல் வளர்த்தார் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பெண் எங்கேயும் ஒட்டவில்லை. வெள்ளையர் நடுவே இந்தியப் பெண்; பூர்வகுடிகளை அவர்கள் இந்தியர் என்றுதான் அழைத்தார்கள். தன் மக்களைத் தேடி டக்கோட்டாவுக்குப் போனால் மொழியும் முறையும் தெரியாத வேற்றாள். பதின்வயதில் கருவுற்றபோது ஒரு சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டாள், குழந்தை இறந்தே பிறந்தது. மேடைக் காட்சிகளிலும் மௌனப் படங்களிலும் இந்தியப் பெண்ணாக வேடம் கட்டிப் பிழைத்தாள். 1920இல் கலிஃபோர்னியாவில், முப்பது வயதுகூட ஆகாமல், இன்ஃப்ளூயென்சா காய்ச்சலில் இறந்தாள். 1991இல்தான் அவளுடைய எச்சங்களைத் தோண்டியெடுத்து, வூண்டட் நீயில் தன் மக்களோடு சேர்த்துப் புதைத்தார்கள்.

ஒருத்தி சிவப்புப் பறவை, இன்னொருத்தி தொலைந்த பறவை. ஒருத்தியிடம் அம்மா சொன்ன கதை இருந்தது. அதை எழுத முடிந்தது, போராட முடிந்தது. பின்னாளில் 1926இல் பழங்குடி மக்களின் உரிமைக்காக ஒரு தேசிய அமைப்பையே அவர் தொடங்கினார். இன்னொருத்திக்குச் சொல்ல ஆளில்லை. கதை தெரியாவிட்டால் வலி வராது என்று நாம் நினைக்கிறோம். இவள் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

சரி, சாவு எல்லா இனங்களுக்கும் வந்திருக்கிறது. போர், பஞ்சம், கொள்ளைநோய் எல்லாவற்றையும் மனிதர்கள் தாண்டியிருக்கிறார்கள். இங்கே மட்டும் துக்கம் ஏன் நாலு தலைமுறை, ஐந்து தலைமுறை என்று நீள்கிறது? என் புரிதலில் பதில் கொலைகளில் மட்டும் இல்லை. கொலைக்குப் பிறகு அழுவதற்கான வழியையும் அடைத்துவிட்டார்கள்.

லக்கோட்டாக்களிடம் ஆவியை வைத்துக் காக்கும் சடங்கு ஒன்று உண்டு. நெருங்கியவர் இறந்தால், முக்கியமாகச் செல்லக் குழந்தை இறந்தால், தலைமுடியில் ஒரு கொத்தை வெட்டித் தோலில் சுற்றிப் பொதியாக வைப்பார்கள். அதற்கென ஓர் இடம். அதற்குச் சோறு படைப்பார்கள். ஒரு வருடம்போல அதைக் காப்பவர் வீட்டில் சண்டை கூடாது, கடுஞ்சொல் கூடாது. கடைசியில் ஊரைக் கூட்டி, விருந்து வைத்து, சேர்த்த பொருளையெல்லாம் கொடுத்து ஆவியை விடுவிப்பார்கள். துக்கத்துக்கு ஓர் ஆரம்பமும் ஒரு முடிவும் இருந்தது. இறந்தவரை விட்டுவிடக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் இருந்தது.

1883இல் அமெரிக்க அரசு இந்தியக் குற்றங்களின் சட்டத்தொகுப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சூரிய நடனம் குற்றம். மருத்துவப் பூசாரியின் வேலை குற்றம். துக்க வீட்டில் பொருளை அழிப்பதும் கொடுத்துத் தீர்ப்பதும் குற்றம். 1890இல், காத்து வைத்திருக்கும் ஆவிகளையெல்லாம் அரசு குறித்த ஒரே நாளில் விடுவித்துவிட வேண்டும் என்றே உத்தரவு போனதாகப் பதிவு இருக்கிறது. நேற்றுக் குழந்தையைப் பறிகொடுத்த வீட்டுக்கும் அதே நாள்தான். அதே ஆண்டின் கடைசி வாரம்தான் வூண்டட் நீ. அத்தனை சாவு விழுந்தபோது, துக்கம் கொண்டாடுவதே சட்டப்படி குற்றம். இந்த வழிபாடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1978இல்.

இரண்டாவது அடைப்பு, பள்ளிக்கூடம். 1879இல் பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில், பழைய படைக்குடியிருப்பு ஒன்றில், ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி ஒரு பள்ளி தொடங்கினார். முதலில் வந்தது ரோஸ்பட், பைன் ரிட்ஜ் பகுதிகளின் லக்கோட்டாப் பிள்ளைகள், 80க்கு மேல். அவர்களைக் குறிவைத்துக் கேட்டதற்குக் காரணம் இருந்தது: தலைவர்களின் பிள்ளைகள் கையில் இருந்தால் அப்பாக்கள் போருக்கு எழ மாட்டார்கள். கரும்பலகையில் எழுதிய வெள்ளைக்காரப் பெயர்களில் ஒன்றைக் குச்சியால் தொடச் சொல்லி, தொட்ட பெயரையே வைத்தார்கள். மனிதனைக் காப்பாற்ற அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொல்ல வேண்டும் என்று 1892இல் பிராட் வெளிப்படையாகவே பேசினார். அமெரிக்க உள்துறை 2024இல் வெளியிட்ட அறிக்கை, 1819 முதல் 1969 வரை இப்படி 417 பள்ளிகளைக் கணக்கெடுத்திருக்கிறது. அவற்றில் இறந்த பிள்ளைகள் குறைந்தது 973 பேர். அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் பைடன் மன்னிப்புக் கேட்டார்.

பள்ளி எதை உடைத்தது என்று புரிய, அவர்கள் வீட்டுக்குள் ஒரு நிமிடம் போய்ப் பார்க்க வேண்டும். இது தமிழ் வாசகருக்குச் சட்டென்று பிடிபடும். லக்கோட்டாவில் அம்மா இனா. அம்மாவின் சகோதரியும் இனாதான், நம் பெரியம்மா, சின்னம்மா மாதிரி. அப்பா அத்தே, அப்பாவின் அண்ணன் தம்பிகளும் அத்தே. ஆனால் அப்பாவின் சகோதரிக்கு வேறு சொல், துன்வின். அம்மாவின் சகோதரனுக்கு வேறு சொல், லெக்ஷி. நம் அத்தையும் மாமாவும் அப்படியே. அமெரிக்கப் பூர்வகுடிகளின் உறவுமுறைக்கும் தமிழ் உறவுமுறைக்கும் இருக்கும் இந்த ஒற்றுமையைக் கண்டு அசந்துபோய், லூயிஸ் மார்கன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1871இலேயே பெரிய புத்தகம் எழுதியிருக்கிறார். ஆக, ஒரு லக்கோட்டாச் சிறுமிக்கு அம்மாக்கள் பலர். பாட்டி, உன்சி, எல்லோருக்கும் மேல். முள்ளம்பன்றி முள்ளால் பூவேலை செய்யவும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்றும், எப்போது வாய்மூடி இருக்க வேண்டும் என்றும் கற்றுக்கொடுப்பது அவர்கள்தான். குழந்தைக்கான சொல்லே வக்கன்ஹேஜா, அதன் வேரில் புனிதம் என்ற சொல் இருக்கிறது. புனிதமான ஒன்றைக் கைநீட்டி அடிக்க முடியாது.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஆறு வயதில், எட்டு வயதில் எடுத்துப்போய், மணியடித்தால் எழு, மணியடித்தால் சாப்பிடு, தாய்மொழி பேசினால் அடி என்று வளர்த்தார்கள். அந்தப் பெண் பத்து வருடம் கழித்துத் திரும்பி வருகிறாள். உன்சி பேசுவது பாதி புரியவில்லை. அப்புறம் அவளுக்கே ஒரு குழந்தை பிறக்கிறது. குழந்தையை எப்படி எடுத்துக் கொஞ்சுவது என்று அவளுக்கு யார் காட்டினார்கள்? அவளுக்குத் தெரிந்த ஒரே வளர்ப்புமுறை பள்ளியுடையது.

மரியா யெல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட் என்ற லக்கோட்டாச் சமூகப்பணி அறிஞர் 1980களில் இதைத்தான் வரலாற்றுக் காயம் என்ற பெயரில் பேசத் தொடங்கினார். ஓர் ஆளின் வாழ்நாளிலும் தலைமுறைகளிலும் அடுக்கடுக்காகச் சேரும் மனக்காயம் அது. யூதப் பேரழிவில் தப்பியவர்களின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைப் படித்தபோது தன் மக்களை அங்கே அடையாளம் கண்டார். ஆனால் ஒரு வேறுபாட்டையும் கண்டார். தங்களுடையது வெளியே காட்ட அனுமதிக்கப்படாத, உலகம் துக்கமென்றே ஒப்புக்கொள்ளாத துக்கம். 1992இல் தக்கினி என்ற குழுவை அமைத்தார். தக்கினி என்றால் சாவிலிருந்து மீண்டு வந்தவர். அதே ஆண்டு பிளாக் ஹில்ஸில் லக்கோட்டாச் சமூகப் பணியாளர்கள் 45 பேரைக் கூட்டி, நடந்ததை முழுதாகக் கேட்பது, பகிர்வது, கூட இருந்து அழுவது, பழைய சடங்குகளோடு துக்கத்தை இறக்கி வைப்பது என்று நாட்கணக்கில் ஒரு பட்டறை நடத்தினார்.

இந்தக் கருத்தை எல்லோரும் அப்படியே ஏற்கவில்லை. ஜோசப் கோன் போன்ற பழங்குடி உளவியலாளர்களே கேள்வி கேட்டிருக்கிறார்கள். எல்லா இனங்களின் எல்லாத் துன்பத்தையும் ஒரே சொல்லில் அடைக்கலாமா, கடந்த காலத்தைச் சொல்லி இன்றைய வறுமையை மறந்துவிடுகிறோமா என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலை என்றே நினைக்கிறேன். 2015இல் இளைஞர் தற்கொலைகள் தொடர்ந்ததால் பைன் ரிட்ஜில் நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டி வந்தது. அந்தப் பிள்ளைகளைச் சுற்றி வரலாறு மட்டும் இருக்கவில்லை, வேலையில்லாத வீடும் குளிர் தாங்காத சுவரும் இருந்தன. காயம் மரபணு வழியாகவே இறங்குகிறது என்று சிலர் அடித்துச் சொல்வதற்கும் இன்னும் போதிய ஆதாரம் இல்லை. ஆனால் அம்மாவின் மௌனம் வழியாக, பாட்டியின் பயம் வழியாக, கொஞ்சத் தெரியாத கைகள் வழியாக அது இறங்குகிறது என்பதற்கு மரபணு தேவையில்லை.

மக்கள் ஆய்வுக்காகக் காத்திருக்கவும் இல்லை. 1986 டிசம்பரில் 19 குதிரைவீரர்கள், பிக் ஃபுட் கூட்டம் கடைசியாக நடந்த வழியிலேயே உறைபனியில் புறப்பட்டார்கள். ஒவ்வொரு ஆண்டும் கூட்டம் பெருகி, நூறாம் ஆண்டான 1990இல் வூண்டட் நீயில் கண்ணீர் துடைக்கும் சடங்கு செய்து முடித்தார்கள். நூறு வருடம் தள்ளிப்போன கருமாதி என்றே அதைச் சொல்லலாம். அப்புறமும் ஒவ்வொரு டிசம்பரிலும் பிள்ளைகள் அந்த வழியில் குதிரையேறுகிறார்கள்.

2015இல் ரோஸ்பட்டைச் சேர்ந்த இளைஞர் மன்றத்தினர் வாஷிங்டன் போய்விட்டுத் திரும்பும் வழியில் கார்லைலில் இறங்கி, பள்ளியில் இறந்த பிள்ளைகளின் கல்லறைகளைப் பார்த்தார்கள். இவர்களை ஏன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று கேட்டார்கள். பெரியவர்கள் நூறு வருடத்துக்கு மேல் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வி. ஆறு வருடம் கடிதம், கூட்டம், படிவம். 2021 ஜூலையில் ஒன்பது பிள்ளைகள் ஊர் வந்தார்கள். 1880 டிசம்பரில் இறந்த, ஸ்விஃப்ட் பேர் என்ற தலைவரின் மகளும் அதில் ஒருத்தி. 1879இல் நீராவிப்படகில் ஏறிப் போன அதே மிசூரிக் கரையில் அவர்களை முதலில் இறக்கி வரவேற்றார்கள்.

முடி மட்டும் இன்னும் முடிந்த கதையாகவில்லை. 1930 முதல் 1933 வரை உறைவிடப் பள்ளிகளில் படித்த சுமார் 700 பூர்வகுடிப் பிள்ளைகளிடமிருந்து வெட்டியெடுத்த முடியைத் தன் சேகரிப்பில் வைத்திருப்பதாக ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பீபடி அருங்காட்சியகம் 2022இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 2020இல் நெப்ராஸ்காவில் ஒரு பள்ளியில், பேன் பார்க்கிறேன் என்று ஊழியர் ஒருவர் லக்கோட்டாச் சிறுமிகள் இருவரின் முடியை வெட்டினார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். வெளியே பார்த்தால் கொஞ்சம் முடி. அந்த வீட்டில் அது வாபாஷ் பள்ளி நாற்காலி.

ஜிட்காலா-ஷாவின் சொந்த மக்களான யாங்க்டன் சமூகத்தில், அவர் அம்மா தண்ணீர் எடுத்த மிசூரியின் கரையில், 1990களிலிருந்து ஒரு கோடைமுகாம் நடக்கிறது. ஃபெயித் ஸ்பாட்டட் ஈகிள் என்ற பெண்மணி முன்னின்று மீட்டெடுத்த பெண்கள் சங்கம் ஒன்று அதை நடத்துகிறது. பெண் வயதுக்கு வரும்போது செய்யும் இஷ்னாட்டி சடங்கு அது. பழைய நாளில் வகிட்டில் சிவப்புப் பூசி, தலையில் கழுகு இறகு கட்டுவார்கள். இப்போது நாலு நாள். பெண்கள் தாங்களே கூம்புக் கூடாரம் அடிக்கிறார்கள், மருந்துச் செடி பறிக்கக் கற்கிறார்கள், பாட்டிகளிடம் கதை கேட்கிறார்கள். இந்த நாலு நாளும் அவர்கள் தங்கள் கையால் உணவைத் தொடக் கூடாது. பதின்மூன்று வயதுப் பெண் வாயைத் திறந்து காத்திருக்க, அம்மா ஊட்டுகிறாள், தண்ணீரும் அவளே வாயில் ஊற்றுகிறாள்.